கையடக்க மியூசிக் பிளேயர்: பெட்டி பிரிப்பதிலிருந்து பேட்டரி உப்புவது வரை

போனே பாடும்போது தனியாக ஒரு பிளேயர் எதற்கு என்ற பட்டிமன்றத்துக்குள் இங்கே போகப்போவதில்லை. உங்கள் கையில் ஒன்று வந்துவிட்டது. அதை ஒழுங்காக வைத்துக்கொள்வது எப்படி என்பது மட்டும்தான் விஷயம். பிளேயர்கள் பாட்டுப் பாடிக் கெடுவதில்லை. சூட்டில் சார்ஜ் போட்டு, கம்ப்யூட்டரிலிருந்து கேபிளைச் சட்டென்று பிடுங்கி, பிறகு மாதக்கணக்கில் அலமாரியில் மறந்துபோய்த்தான் கெடுகின்றன. கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். முதல் நாளில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

1. பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்

முதலில் காகித வேலை. பில், வாரண்டி கார்டு, பெட்டியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண் மூன்றையும் அன்றே போட்டோ எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பிவிடுங்கள். இப்போது பெரும்பாலான பில்கள் தெர்மல் தாளில்தான் அச்சாகின்றன. வெயிலும் சூடும் பட்டால் எழுத்து மங்கிவிடும், சில பிளாஸ்டிக் உறைகளே மங்க வைக்கும். வாரண்டி முடிவதற்குள் கையில் வெற்றுத் தாள்தான் மிஞ்சும்.

பெட்டியில் உள்ள சீரியல் எண்ணும் பிளேயரில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும், இல்லாவிட்டால் செட்டிங்ஸ் மெனுவில் கருவி பற்றிய பக்கத்தில் இருக்கும். எண் மாறியிருந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள். சர்வீஸ் சென்டரில் பிறகு வாதாடிப் பயனில்லை. வாரண்டி கார்டில் மூன்று இடங்களைப் படியுங்கள்: பேட்டரிக்குத் தனிக் காலக்கெடு இருக்கிறதா, கூட வந்த இயர்போனுக்கு எவ்வளவு, தண்ணீர் பட்டால் என்ன. கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் ‘கிடையாது’தான். பல கருவிகளுக்குள் ஈரம் பட்டால் நிறம் மாறும் சின்ன ஸ்டிக்கர் இருக்கிறது, அதனால் தண்ணீரே படவில்லை என்று சொல்லியும் தப்ப முடியாது.

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு முழுச் சோதனை செய்யுங்கள். அரை மணி நேர வேலை. இடது, வலது இரண்டு பக்கமும் சத்தம் வருகிறதா, ஜாக்கில் பிளக்கை மெதுவாகச் சுழற்றினால் கரகரக்கிறதா, ஒவ்வொரு பட்டனும் ஒரே அழுத்தத்தில் வேலை செய்கிறதா, கார்டு ஸ்லாட் கார்டைப் பிடிக்கிறதா, புளூடூத் இணைகிறதா, சார்ஜ் ஏறுகிறதா. பாட்டே ஓடாமல் வால்யூமை ஏற்றி ‘ஸ்ஸ்’ இரைச்சல் கேட்கிறதா என்றும் பாருங்கள். கேட்டுவிட்டு வால்யூமை இறக்க மறக்காதீர்கள்.

2. சார்ஜ்: முக்கால்வாசிப் பிரச்சினை இங்கேதான்

அநேகமாக எல்லாச் சிறிய பிளேயர்களும் 5 வோல்ட்டில் சார்ஜ் ஆகின்றன. கம்ப்யூட்டரின் யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் தரும், யூஎஸ்பி 3.0 போர்ட் 900 தரும். இரண்டுமே போதும். நேரத்தைக் கணக்கிட, பேட்டரியின் அளவைச் சார்ஜ் மின்னோட்டத்தால் வகுங்கள். 1000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி, 500 மில்லி ஆம்பியர் சார்ஜ் என்றால் கணக்குப்படி 2 மணி நேரம். நிஜத்தில் இரண்டரை, மூன்று ஆகும்; கடைசி 20 சதவீதம் எப்போதும் மெதுவாகத்தான் ஏறும். 5 மணி நேரம் ஆகியும் நிறையவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

புதிதாக வாங்கியவர்களைக் குழப்பும் ஒரு கோளாறு இருக்கிறது. பிளேயரில் டைப்-சி போர்ட் இருக்கும், இரு முனையிலும் டைப்-சி உள்ள கேபிளில் போன் சார்ஜரைச் செருகினால் ஒன்றுமே நடக்காது. பிளேயர் செத்துவிட்டது என்று நினைத்துத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. உண்மையில், மலிவான பிளேயர்கள் சிலவற்றில் போர்ட்டுக்குப் பின்னால் இருக்கவேண்டிய இரண்டு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைப் போடாமல் விட்டுவிடுகிறார்கள். அவை இல்லாவிட்டால், எதிரே ஒரு கருவி இருக்கிறது என்பதே சார்ஜருக்குத் தெரியாது. அது மின்சாரத்தைத் திறந்துவிடாது. ஒரு முனை பழைய செவ்வக யூஎஸ்பி-ஏ, மறுமுனை டைப்-சி உள்ள கேபிளில் போட்டால் ஏறும். பெட்டிக்குள் வந்த கேபிள் அநேகமாக அதுதான்.

போனின் ஃபாஸ்ட் சார்ஜரில் போட்டால் பிளேயர் வெடித்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். தரமான சார்ஜர் 5 வோல்ட்டில்தான் தொடங்கும். எதிர்முனை கேட்டால் மட்டுமே மேலே போகும். பயப்பட வேண்டியது பெயர் தெரியாத போலி சார்ஜருக்குத்தான். அதில் மெயின் மின்சாரத்துக்கும் யூஎஸ்பிக்கும் நடுவில் இருக்கும் காப்பு நம்பத்தகுந்ததாக இருக்காது. அதனால்தான் சார்ஜில் இருக்கும்போது ஒயர் இயர்போன் மாட்டிக் கேட்கக் கூடாது. கேட்டே ஆகவேண்டும் என்றால் பவர் பேங்க்கில் போட்டுக் கேளுங்கள். இடி மின்னல் நேரத்தில் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள்.

லித்தியம் பேட்டரிக்கு எதிரி சூடு. 0 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரைதான் சார்ஜ் செய்யலாம். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போட்டால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகப் பாழாகும். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் வைத்தால் மறுமுனைக்குப் போய்விடும். தலையணைக்கு அடியில், போர்வைக்குள் வைத்து சார்ஜ் போடுவதும் அதே கதைதான். தடித்த கவர் போட்டிருந்தால் கழற்றிவிட்டுப் போடுங்கள்.

‘முதல்முறை 8 மணி நேரம் சார்ஜ் போட வேண்டும்’ என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுங்கள். அது நிக்கல் பேட்டரி காலத்துப் பழக்கம். இன்றைய பேட்டரியை 20க்குக் கீழே விடாமல், 80 சுமாரில் நிறுத்தினால் ஆயுள் கூடும். தினமும் இதைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கவும் தேவையில்லை. 100 வரை ஏற்றி உடனே பயன்படுத்தினால் பாதகமில்லை. 100 ஏற்றி சூடான இடத்தில் நாள்கணக்கில் போட்டுவைப்பதுதான் தப்பு.

மூன்று வாரத்துக்கு மேல் தொடப்போவதில்லை என்றால், 50 சதவீதம் சுமாரில் வைத்து, முழுதாக ஆஃப் செய்து, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மறுபடி 50க்கு ஏற்றுங்கள். காலண்டரில் குறித்துவைக்காவிட்டால் நடக்காது. காலியாகக் கிடந்த பேட்டரியின் வோல்டேஜ் மேலும் இறங்கி, பாதுகாப்புச் சுற்று இணைப்பைத் துண்டித்துவிடும். அப்படிப்பட்ட பிளேயரைச் செருகியதும் திரையில் எதுவும் வராது. கைவிடாமல், கண்ணெதிரே வைத்து ஒரு மணி நேரம் சாதாரண போர்ட்டில் விட்டுப் பாருங்கள். உயிர் வந்தால் நல்லது. வராமல் சூடு மட்டும் ஏறினால் பிடுங்கிவிடுங்கள். அந்தப் பேட்டரி முடிந்தது.

3. மெமரி கார்டும் பாட்டு ஏற்றுவதும்

பிளேயர் எவ்வளவு பெரிய கார்டை ஏற்கும் என்று கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள். கார்டில் ஃபைல்களை அடுக்கும் முறை (ஃபார்மட்) 32 ஜிபி வரை ஒரு வகை. அதற்கு மேல் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் ஆகி வரும், பழைய பிளேயர்கள் சில அதைப் படிக்காது. ஃபேட்32க்கு மாற்றினால் பல சமயம் படித்துவிடும். மாற்றுவதைப் பிளேயரின் மெனுவிலேயே செய்வது உத்தமம். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் அழியும் என்பது உங்களுக்கே தெரியும்.

64 ஜிபி கார்டு கம்ப்யூட்டரில் 59.6 ஜிபி என்று காட்டினால் ஏமாந்துவிடவில்லை. அது எண்ணும் முறையின் வித்தியாசம். நிஜமான ஏமாற்று வேறு மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது 8 ஜிபி சிப், வெளியே அச்சடித்திருப்பது 64. காப்பி செய்யும்போது எந்தப் பிழையும் வராது, ஆனால் முதல் 8 ஜிபிக்கு அப்புறம் ஏற்றிய பாட்டெல்லாம் தாவும், இல்லாவிட்டால் மௌனமாக ஓடும். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 என்ற இலவச மென்பொருள்கள் கார்டை முழுக்க எழுதித் திருப்பிப் படித்துச் சொல்லிவிடும். 64 ஜிபிக்கு ஓரிரு மணி நேரம் ஆகும். பாட்டு ஏற்றுவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

இடக் கணக்கு: 320 கேபிபிஎஸ் (விநாடிக்கு 320 கிலோபிட்) எம்பி3 நிமிடத்துக்கு 2.4 எம்பி, அதாவது 4 நிமிடப் பாட்டு 10 எம்பிக்குச் சற்றுக் குறைவு. 32 ஜிபியில் 3000 பாட்டு பிடிக்கும். ஒலி எதுவும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் வகையில், சிடி தரம் என்றால் பாட்டுக்கு 20 முதல் 30 எம்பி. கையில் இருக்கும் 128 கேபிபிஎஸ் எம்பி3யை ஃபிளாக்காக மாற்றிப் பார்க்காதீர்கள். தொலைந்துபோன ஒலி திரும்பி வராது, இடம்தான் போகும்.

காப்பி முடிந்தது என்று திரை சொன்னாலும் உடனே கேபிளைப் பிடுங்காதீர்கள். கம்ப்யூட்டர் கடைசிக் கொஞ்சத்தைத் தன் நினைவிலேயே வைத்திருந்து நிதானமாக எழுதும். அந்த நேரம் பார்த்துப் பிடுங்கினால் ஃபைல் பட்டியலே சிதையும். அடுத்தமுறை ஆன் செய்யும்போது ‘லைப்ரரி புதுப்பிக்கிறது’ என்ற வரியிலேயே பிளேயர் மணிக்கணக்காக நிற்கும். ‘எஜெக்ட்’ கொடுத்து, சரி என்று வந்த பிறகு எடுங்கள். ஏற்கெனவே அப்படி நிற்கிறதா? கார்டை வெளியே எடுத்துவிட்டு ஆன் செய்யுங்கள். ஆன் ஆனால் குற்றவாளி கார்டுதான்: ஃபார்மட் செய்து மறுபடி ஏற்றுங்கள்.

அடிக்கடி வரும் தொல்லைகள் சில:

பாட்டுகள் வரிசை மாறி ஓடுகின்றன. மலிவான பிளேயர்கள் பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை, கார்டில் எழுதப்பட்ட வரிசையில் பாடும். பெயருக்கு முன்னால் 1, 2, 10 என்று போடாமல் 01, 02, 10 என்று போட்டு, ஃபோல்டரைக் காலி செய்துவிட்டு வரிசையாக ஏற்றுங்கள். ஃபேட்சார்ட் போன்ற மென்பொருளும் இதை அடுக்கித் தரும்.

தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறியாகத் தெரிகின்றன. பாட்டின் பெயர் விவரங்களைத் திருத்தும் எம்பி3டேக் மென்பொருளில் திறந்து, ஐடி3 வி2.3, யூடிஎஃப்-16 என்ற அமைப்பில் சேமியுங்கள். கேள்விக்குறிக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தால் பிளேயரில் தமிழ் எழுத்துருவே இல்லை என்று பொருள். எழுத்து வந்தும், ‘கெ’ என்பதில் கொம்பு முன்னால் வராமல் ‘க’வுக்குப் பின்னால் போய் நின்றால், எழுத்துரு இருக்கிறது, கோக்கத் தெரியவில்லை. இவை இரண்டுக்கும் புது ஃபர்ம்வேர் (பிளேயரை இயக்கும் உள் மென்பொருள்) வந்தால்தான் விடிவு. அதுவரை பெயர்களை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேக்கிலிருந்து ஏற்றினால் ஒவ்வொரு பாட்டும் இரண்டாகத் தெரிகிறது, ஒன்று ஓடவில்லை. புள்ளியும் அடிக்கோடும் முன்னால் கொண்ட அந்த மறை ஃபைல்களை அழித்துவிடலாம். பாட்டுக்கு ஒன்றும் ஆகாது.

ஆல்பம் படம் வரவில்லை. ‘ப்ரோக்ரெஸிவ்’ வகை ஜேபெக்கைப் பல பிளேயர்கள் காட்டாது. சாதாரண ஜேபெக்காக, 500க்கு 500 பிக்சலில் சேமித்து ஏற்றுங்கள்.

4. வால்யூம்

பிளேயரை மாற்றலாம், காதை மாற்ற முடியாது. இந்த ஒரு பகுதியையாவது அவசரமில்லாமல் படியுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை: பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75 டெசிபலில் அதே 40 மணி நேரம். இதற்கு மேலே ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 83இல் 20 மணி நேரம், 86இல் 10, 89இல் 5, 92இல் இரண்டரை. 95 டெசிபலில் வாரம் முழுவதற்கும் 1 மணி 15 நிமிடம்தான். ஒரு நாளைக்கு அல்ல, வாரத்துக்கு.

‘வால்யூமை 60 சதவீதத்துக்கு மேல் வைக்காதே’ என்ற அறிவுரையைக் கேட்டிருப்பீர்கள். எதுவும் இல்லாததற்கு அது தேவலை, ஆனால் முழுக்க நம்பக்கூடியதில்லை. இயர்போன் பெட்டியில் சென்சிட்டிவிட்டி என்று ஓர் எண் இருக்கும், ஒரே மின்சக்திக்கு அது எவ்வளவு சத்தம் தரும் என்பதன் அளவு. ஓம் அளவு (மின்தடை) ஒன்றாகவே உள்ள இரண்டு இயர்போன்கள், ஒன்று மில்லிவாட்டுக்கு 95 டெசிபல், இன்னொன்று 110 என்று வையுங்கள். ஒரே பிளேயர், ஒரே வால்யூம், ஆனால் இரண்டாவது 15 டெசிபல் கூடுதலாக ஒலிக்கும். முதலாவதில் 40 மணி நேரம் கேட்கக்கூடிய அதே இடத்தில் இரண்டாவதில் கிடைப்பது 1 மணி 15 நிமிடம். ஆகவே இயர்போன் மாற்றும் ஒவ்வொரு முறையும் வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்கி, அங்கிருந்து ஏற்றுங்கள்.

செட்டிங்ஸில் கெயின் (ஒலியை எவ்வளவு பெருக்குவது என்ற அமைப்பு) இருந்தால், காதுக்குள் போகும் இயர்போனுக்கு ‘லோ’. 150, 300 ஓம் ஹெட்போன்களுக்கு மட்டும் ‘ஹை’. அதிகபட்ச வால்யூமுக்குப் பூட்டு இருந்தால் அமைதியான அறையில் அளவு பார்த்துப் பூட்டிவிடுங்கள். குழந்தை கையில் கொடுப்பதென்றால் இது கட்டாயம்.

வால்யூம் தானாக ஏறுவதில்லை, சுற்றியிருக்கும் இரைச்சல்தான் ஏற்ற வைக்கிறது. பஸ்ஸில் ஏற்றியதை இறங்கிய பிறகு யாரும் குறைப்பதில்லை. காதில் சரியாக அடைக்கும் சிலிகான் முனை போட்டால் வெளிச்சத்தம் குறையும், வால்யூமும் தானே குறையும். பெட்டியில் வரும் மூன்று அளவுகளையும் போட்டுப் பாருங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்பதில்லை.

கேட்டு முடித்ததும் காதில் ரீங்காரம், அல்லது பஞ்சு அடைத்தது போன்ற மந்தம் இருந்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள். திடீரென்று ஒரு காது மட்டும் கேட்காமல் போனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். அன்றே காது மருத்துவரிடம் போங்கள். தாமதிக்கத் தாமதிக்கச் சிகிச்சையின் பலன் குறையும்.

5. ஜாக், துளை, அழுக்கு

ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் முதலில் இயர்போனின் வலையைப் பாருங்கள். அநேகமாகக் காதழுக்குதான் அடைத்திருக்கும். சிலிகான் முனையைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி முழுக்கக் காயவிடுங்கள். வலையைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு, உலர்ந்த மென்மையான பிரஷால் தட்டித் துடையுங்கள். மேல்நோக்கிப் பிடித்தால் அழுக்கு உள்ளே போகும். ஊசி கூடாது.

பிளக் சுழலும்போது கரகரத்தால்: பிளேயரை ஆஃப் செய்யுங்கள். 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்துப் பிழிந்த மெல்லிய பஞ்சுக்குச்சியை ஜாக்கில் விட்டு, இரண்டு சுற்றுச் சுற்றி எடுத்துப் பத்து நிமிடம் காயவிடுங்கள். பஞ்சு உள்ளேயே கழன்று நிற்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

டைப்-சி கேபிள் ‘டக்’ என்று உட்காராமல் அரை மில்லிமீட்டர் வெளியே துருத்திக்கொண்டு, ஆட்டினால் சார்ஜ் விட்டுவிட்டு ஏறுகிறதா? போர்ட் உடையவில்லை. டார்ச் அடித்துப் பாருங்கள்: சட்டைப்பைப் பஞ்சு, கேபிள் குத்திக் குத்தி அமுங்கி, அடியில் ஒரு சாம்பல் நிறத் தகடு போல ஒட்டியிருக்கும். ஆஃப் செய்துவிட்டு, மரப் பல்குச்சியால் ஓரத்திலிருந்து மெதுவாக நெம்பினால் ஒரே துண்டாக வெளியே வரும். நடுவில் இருக்கும் நாக்கைத் தொடாதீர்கள்.

2.5 அல்லது 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு ஜாக் உள்ள பிளேயர் வைத்திருப்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை. அந்தத் துளையிலிருந்து சாதாரண 3.5 மில்லிமீட்டர் இயர்போனுக்கு அடாப்டர் போடவே கூடாது. பேலன்ஸ்டில் இடது, வலது இரண்டின் எதிர்முனையிலும் தனித்தனியாக ஆம்ப்ளிஃபையர் ஓடுகிறது. சாதாரணப் பிளக் அவற்றை ஒன்றாக இணைத்துவிடும், உள்ளே உள்ள சிப் போய்விடலாம். வெளி ஆம்ப்ளிஃபையருக்கான ‘லைன் அவுட்’ துளையிலும் இயர்போன் செருகாதீர்கள். பல பிளேயர்களில் அங்கே வால்யூம் கட்டுப்பாடே இல்லை, முழுச் சத்தமும் நேராகக் காதுக்குப் போகும்.

6. வெளியே போகும்போது

சாலையைக் கடக்கும்போதும், சைக்கிள் ஓட்டும்போதும், தண்டவாளத்துக்குப் பக்கத்திலும் காதைத் திறந்து வையுங்கள். நாய்ஸ் கேன்சலிங் இயர்போனை ஆஃப் செய்தாலும் அடைப்பு அப்படியேதான் இருக்கும், கழற்றிவிடுவதே சரி. தூங்கும்போது ஒயர் கழுத்தைச் சுற்றாமல் இருக்க, தூக்க டைமர் வைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் கேளுங்கள்.

விமானத்தில் பிளேயரும் பவர் பேங்க்கும் கைப்பையில்தான். 100 வாட் மணி வரை சாதாரணமாக அனுமதி உண்டு. மில்லி ஆம்பியர் மணியை 3.7ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தால் வாட் மணி வரும்: 3000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி 11.1. உதிரி பேட்டரிகளைச் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது.

உடலுக்குள் பேஸ்மேக்கர் உள்ளவர்கள் காந்தம் வைத்த இயர்பட் டப்பாவையும் ஹெட்போனையும் மார்பிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். மேல் சட்டைப்பை வேண்டாம்.

7. தண்ணீரில் விழுந்தால்

பெட்டியில் போட்டிருக்கும் நீர்க்காப்புக் குறியீட்டைப் பாருங்கள். ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் துளிகளைத் தாங்கும், அவ்வளவுதான். ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் 30 நிமிடம். கடல் தண்ணீருக்கும் சோப்பு நுரைக்கும் இந்த எண்கள் செல்லாது.

விழுந்ததும் எடுத்து ஆஃப் செய்யுங்கள். வேலை செய்கிறதா என்று பட்டனை அழுத்திப் பார்க்கும் ஆசையால்தான் பாதிப் பிளேயர்கள் போகின்றன. ஈரத்தைவிட, ஈரத்துக்குள் ஓடும் மின்சாரம்தான் தடங்களை அரிக்கிறது. கார்டை எடுத்துவிட்டு, துளைகள் கீழே இருக்கும்படி சாய்த்து, காற்றோட்டமான இடத்தில் ஃபேனுக்கு முன்னால் 48 மணி நேரம் வையுங்கள். சிலிகா ஜெல் பொட்டலம் இருந்தால் மூடிய டப்பாவில் கூட வைக்கலாம். அரிசி மூட்டைக்குள் புதைப்பதால் மாவுதான் போர்ட்டுக்குள் போகும். ஹேர் டிரையர் பேட்டரியைச் சுட்டுவிடும். காய்ந்துவிட்டது என்று உறுதியாகும் வரை சார்ஜ் கேபிளைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். உப்புத் தண்ணீரோ சர்க்கரைப் பானமோ பட்டிருந்தால் காத்திருக்காமல் பிரித்துச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

8. உறைந்துபோனால், ஃபர்ம்வேர் போட்டால்

திரை அசையவில்லை என்றால் பவர் பட்டனை 10 முதல் 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள். சிலவற்றில் குண்டூசித் துளையாக ரீசெட் இருக்கும், ஆனால் மைக் துளையும் அதே அளவில்தான் இருக்கும். கையேட்டைப் பார்க்காமல் குத்தினால் மைக் காலி.

ஃபர்ம்வேரை நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும், உங்கள் மாடல் எண்ணுக்கு எழுத்துக்கு எழுத்து பொருந்துவதாகப் பார்த்து இறக்குங்கள். சார்ஜ் 50 சதவீதத்துக்கு மேல் இருக்கட்டும். ஓடிக்கொண்டிருக்கும் பட்டை நின்றது போலத் தெரிந்தாலும் பிடுங்காதீர்கள். உள்ள பதிப்பிலேயே ஒழுங்காக ஓடுகிறது என்றால் போடாமல் விடுவதும் ஒரு நல்ல முடிவுதான்.

9. பேட்டரி முடியும்போது

முழு சார்ஜ் சுற்று 300 முதல் 500 ஆனபிறகு பேட்டரி தன் முதல் கொள்ளளவில் 80 சதவீதம் அளவுக்கு இறங்குவது இயல்பு. இதற்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. புளூடூத்துக்குப் பதில் ஒயரில் கேட்டு, திரையின் வெளிச்சத்தைக் குறைத்தாலே கொஞ்ச காலம் ஓட்டலாம். மாற்றுவதென்றால் முதலில் செலவைக் கேட்டுக்கொள்ளுங்கள். கூலியும் பேட்டரியும் சேர்ந்து அதே மாதிரிப் பழைய பிளேயரின் விலையில் பாதியைத் தாண்டினால் யோசிக்க வேண்டும். மாற்று பேட்டரியின் வோல்டேஜும், நீள அகல தடிமனும், ஒயர்களின் எண்ணிக்கையும் பழையதோடு பொருந்த வேண்டும். மூன்று ஒயர் இருந்தால் ஒன்று வெப்ப உணரிக்கு. அதை விட்டுவிட்டு இரண்டை மட்டும் ஒட்டித் தருபவரிடம் கொடுக்காதீர்கள்.

உப்பிய பேட்டரி வேறு விஷயம். பிளேயரை மேசையில் மல்லாக்க வைத்து ஒரு மூலையைத் தட்டுங்கள்; முன்பு அசையாமல் இருந்தது இப்போது தொட்டில் மாதிரி ஆடும். திரையின் ஓரத்தில் நகம் நுழையும் இடைவெளி தெரியும், பட்டன்கள் இறுகிப்போகும். கண்டதும் ஆஃப் செய்யுங்கள், சார்ஜ் போடாதீர்கள், திரையை அமுக்கி உள்ளே தள்ளாதீர்கள், காற்றை இறக்கலாம் என்று குத்தவே குத்தாதீர்கள். உள்ளே இருப்பது எரியக்கூடிய வாயு. துணி, காகிதம், படுக்கைக்கு எட்டாத இடத்தில், டைல்ஸின் மேலோ வெறுந்தரையிலோ வைத்துவிட்டு, சர்வீஸ் சென்டருக்கோ மின்கழிவு வாங்கும் இடத்துக்கோ எடுத்துப் போங்கள். வீட்டுக் குப்பையில் போட்டால் குப்பை லாரிக்குள் நசுங்கித் தீப்பிடிக்கும். கொடுக்கும்முன் மெமரி கார்டை உருவிக்கொள்ளுங்கள். பாட்டுகளை எடுப்பதற்காகக் கடைசியாக ஒருமுறை கம்ப்யூட்டரில் செருகலாமா என்றால், கூடாது. செருகினாலே சார்ஜ் ஏறத் தொடங்கிவிடும்.